சொன்னவரும் கேட்டவரும்

தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருந்தது. நூலின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. சுமார் 400 மாணவர்கள் படித்த இடம் அது. பத்துப் பேர் நீங்கலாக மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரோடாவது நெருங்கிப் பழகினால் வீடு எது, குலம் எது என்ற கேள்வி வந்துவிடும் என்று அந்தப் பையன் பயந்தான். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவான். பள்ளி விட்டதும் மற்றப் பிள்ளைகள் தன்னோடு வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பான். கூடி விளையாட முடியவில்லையே என்று உள்ளுக்குள் வருந்தியதையும் சீனிவாசன் சொல்கிறார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றி அவர் நின்று பேசவில்லை. பொது வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. மனுக்கள், மாநாடுகள், லண்டன் வட்டமேசை. தன் சாதியை மறைக்க வேகமாக நடந்த அதே மனிதர் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். அந்த நடைக்கும் இந்தப் பெயருக்கும் இடையில் அவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கதை. அதை அவர் எழுதவில்லை. எழுத முடியாதவர் அல்லர். தன் உள்காயத்தை ஆற அமர விரித்து எழுதுவது அன்றைக்கு ஒரு தலைவர் செய்யும் காரியமாக இல்லை. அந்தச் சில வரிகளை அவர் விட்டுவிடாமல் வைத்ததே பெரிது.

அந்தத் தலைமுறையின் தன்வரலாறுகளை அடுத்தடுத்துப் படித்தால் இந்த ஒழுங்கு தெரியவரும். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942இல் அவர் மறையும் காலம்வரை ஆனந்த விகடனில் வந்தது. 1950இல் நூலானது. வறுமை, தகப்பனாரின் அலைச்சல், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறைவு எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது கண் கலங்கும் இடங்களும் உண்டு. ஆனால் அந்தத் துயரம் எல்லாம் தமிழ்ப் படிப்பை நோக்கிய பாதையில் கிடக்கும் கற்கள். கடந்து போவதற்காகவே சொல்லப்படுகின்றன. வ.உ.சி. சிறையில் செக்கிழுத்த கொடுமையை அகவலில் எழுதினார். அவர் இறந்து பத்தாண்டுக்குப் பிறகு, 1946இல்தான் அது நூலாக வந்தது. திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944இல் வந்தது. பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்து, 1918இல் மனைவியையும் பறிகொடுத்த மனிதர் அவர். அந்த இழப்பு அவருடைய நூலில் உண்டு. ஆனாலும் நூலின் பெரும்பகுதி தொழிற்சங்கத்துக்கும் தேசத்துக்கும் தமிழுக்கும் உரியது.

விதிவிலக்கு பாரதி. 1910இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ‘கனவு’ என்ற செய்யுள் சுயசரிதையில் அவர் சாதனை எதையும் சொல்லவில்லை. கைகூடாத இளமைக் காதலும் ஒட்டாத ஆங்கிலப் படிப்பும் தொழிலில் நொடித்துப்போன தகப்பனாருமே அதில் இருக்கிறார்கள். எழுதியபோது வயது முப்பதைத் தொடவில்லை. நாடு கடந்து ஒளிந்திருந்த ஒருவர் முதலில் எழுத நினைத்தது தன் சிறுவயதின் நோவை என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

அன்றைக்கு வலியைச் சொல்ல வேறு இடமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இடம் இருந்தது. அதற்கு எழுத்து தேவைப்படவில்லை.

இழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே அழப்படுவது செத்தவருக்காக மட்டும் அல்ல. பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். அம்மாவைப் பாடத் தொடங்கியவள் நாலாவது அடியில் தன்னைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்துவிடுவாள். சீர் செய்யாத அண்ணன், கை நீட்டும் புருஷன், பிள்ளையில்லை என்று மாமியார் சொன்ன சொல், எல்லாம் பாட்டில் வரும். சாதாரண நாளில் வாயைத் திறந்து சொன்னால் வீட்டில் சண்டை மூளும். அன்றைக்கு மட்டும் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அந்த அண்ணனே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். தமிழ்நாட்டில் பல ஆண்டு களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க் தெசே 2005இல் எழுதிய நூல் ஒன்று இதைத்தான் ஆராய்கிறது: பாடுகிறவள் இறந்தவருக்காக அழுவதைவிடத் தனக்காக அழுகிறாள் என்பது அவருடைய முடிவு.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை இருந்தது. சொல்கிறவள் தனியாக இல்லை. அவள் அடியை எடுக்க, பக்கத்தில் இருப்பவள் அதை வாங்கிப் பாடுவாள். தன் கதையையும் சேர்த்துக்கொள்வாள். யாருடைய துயரம் எங்கே முடிகிறது, யாருடையது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. வெளியில் இருந்து யாரும் வந்து ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இதைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பாரி முடிந்து தலை முழுகியதும் அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள். பாட்டில் சொன்ன குற்றத்துக்கு மறுநாள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் வீட்டுச் சாவே அல்லாத சாவுக்கு, ஆண்டை வீட்டு வாசலில் போய் மாரடித்து அழக் கட்டாயப்படுத்தப்பட்ட தலித் பெண்களும் உண்டு. அவர்கள் துக்கத்தின் மேலும் அடுத்தவன் உரிமை கொண்டாடினான். ஆண்களுக்கு அந்த வாசலும் இல்லை. சீனிவாசனைப் போன்ற ஒரு பையன் பள்ளிக்கூட நாளின் அவமானத்தைப் பாடி அழ எந்த வட்டத்தில் போய் உட்கார முடியும்?

ஐம்பது ஆண்டு கழித்து அந்த இடத்தை ஒரு பெண் எழுத்தில் உண்டாக்கினார். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, ஆசிரியையாக இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்ற நம்பிக்கையில் கன்னியாஸ்திரி ஆனார். மடத்துக்குள்ளும் சாதி இருந்தது. ஏழு ஆண்டுக்குப் பின் வெளியே வந்தார். வேலை இல்லை, கையில் பணம் இல்லை, எந்த உலகத்திலும் ஒட்ட முடியவில்லை. நண்பர் ஒருவரின் வற்புறுத்தலில் சிறுவயது நினைவுகளை எழுத ஆரம்பித்தார். புத்தகமாக வர வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய எழுத்து அல்ல அது. 1992இல் மதுரையிலிருந்த சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் அதை ‘கருக்கு’ என்ற பெயரில் வெளியிட்டது.

அதில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் ஓர் இடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறான். அவ்வளவு பெரியவர் எதற்காகப் போய் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வருகிறது. நன்றாகப் படி, படித்து முன்னால் வந்தால் மதிப்பார்கள் என்று அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள்.

இந்தக் காட்சியைப் பாடப்புத்தகங்களும் கட்டுரைகளும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியாகிவிட்டது. அதே நூலில் இன்னொன்று ஏராளமாக இருக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே குறைவு. தெருப் பிள்ளைகளின் விளையாட்டுகள், தின்ற தின்பண்டங்கள், கண்மாய் மீன், திருவிழா, கிழவிகளின் பேச்சு, ஒவ்வொருவருக்கும் ஊர் வைத்த பட்டப்பெயர், அது வந்த கதை. வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் பக்கங்கள் அவை. காயம் ஆறுவது என்று நான் நினைப்பது இந்தப் பக்கங்களில்தான் அதிகம் நடக்கிறது. உன் தெரு அசிங்கம் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவின் ஒவ்வொரு முகத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்துவிட்டார் பாமா. மொழியும் அந்தத் தெருவின் மொழிதான். அச்சுத் தமிழுக்காக அதைச் சலவை செய்யவில்லை. இலக்கணம் இல்லை என்று முகம் சுளித்தவர்களும் அன்று இருந்தார்கள்.

புத்தகம் வந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டு கோபப்பட்டது நாயக்கர் தெரு அல்ல, திருச்சபையும் அல்ல. அவருடைய சொந்தத் தெருதான். வீட்டுச் சண்டையும் பட்டப்பெயரும் அச்சில் ஏறி ஊர் உலகமெல்லாம் படிக்கும்படி ஆகிவிட்டதே என்று பெரியவர்களுக்கு ஆத்திரம். பல மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததைப் பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு, படித்த இளைஞர்கள் நூலை வாசித்து, இவர் நம்மைக் கேவலப்படுத்தவில்லை, நமக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறார் என்று மூத்தவர்களுக்கு விளங்க வைத்தார்கள். கோபம் தணிந்தது. ஊர் அவரை மறுபடி தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

அந்தச் சில மாதங்களைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். எழுதியது தன்னை ஆற்றியது என்று பாமா பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுதி முடித்ததும் அவருக்குக் கிடைத்தது ஒரு பாதி மட்டுமே. மறுபாதி, ஊர் கோபித்து, வாசித்து, வாதாடி, ஒத்துக்கொண்டபோது வந்தது. ஒப்பாரி வட்டத்தில் யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது. புத்தகத்தோடு சண்டை போடலாம். அந்தச் சண்டையில் ஒரு தெரு தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்ள நேர்ந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டில் வந்து கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது பெருமைதான். ஆனாலும் புதுப்பட்டியில் நடந்த அந்த வாசிப்புக்கு ஈடாக எந்த விருதையும் என்னால் வைக்க முடியவில்லை.

அதே 1992இல், ஜூன் 20ஆம் தேதி, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் தங்கள் கதையைத் தாளில் எழுதவில்லை. தோழர்களிடம், வழக்கறிஞர்களிடம், நீதிபதியிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. சொன்னதும் ஆறிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த 31 ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்களுக்கு அரசு என்ற காது திறக்க வேண்டியிருந்தது.

கருக்குக்குப் பின் கதவு திறந்தது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் 2005இல் ‘வடு’ எழுதினார். இளையான்குடியில் இஸ்லாமியர் நடுவில் வளர்ந்தபோது யாரும் கேட்காத சாதியை, சொந்த ஊர்ப்பக்கம் போனதும் ஒவ்வொரு அடியிலும் கேட்டார்கள் என்பதைச் சிறிய சிறிய நினைவுகளாகச் சொல்லும் நூல். மேடையில் பறையோடும் பாட்டோடும் நின்ற கலைஞர் அவர். நூலிலும் அந்தக் குரல் கேட்கும். திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையை எழுதினார். அதைத் தழுவிக் கன்னடத்தில் வந்த படத்தில் நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

ரேவதி சென்ற வழி எனக்கு இன்னும் நெருக்கமானது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அவர் முதலில் தன் கதையை எழுதவில்லை. மற்றத் திருநங்கைகளைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைக் கேட்டு, 2004இல் ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். அதன் பிறகே தன் வாழ்க்கை. அது 2010இல் ஆங்கிலத்திலும் 2011இல் ‘வெள்ளை மொழி’ என்று தமிழிலும் வந்தது. பிற்பாடு அ.மங்கையின் நெறியாள்கையில் அதையே ஒற்றையாள் நாடகமாக்கி, தானே மேடையேறி நடித்தார். முதலில் கேட்டவர், பிறகு எழுதியவர், பிறகு முகத்துக்கு முகம் நின்று சொன்னவர். ஒப்பாரியில் இருந்த கூட்டமும் எழுத்தில் இருந்த பெயரும் அந்த மேடையில் ஒன்றுசேர்ந்துவிட்டன. போலீஸ் அடித்ததையும் அண்ணன்மார் அடித்ததையும் அவர் சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவரும் யாரோ ஒருவருக்கு அண்ணன்தான்.

எழுதினால் ஆறும் என்பதைப் பரிசோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. கல்லூரி மாணவர் 46 பேர் நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயத்தை எழுதினார்கள். மற்றவர்கள் வாழ்க்கையின் மிகக் கொடிய அனுபவத்தை எழுதினார்கள். அவர்களிலும் நடந்ததை மட்டும் எழுதியவர்கள், உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்கள், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் என்று மூன்று வகை. இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதிய அன்று அவர்களுக்கு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. இதைத் தொடர்ந்து உலகமெங்கும் நடந்த 146 ஆய்வுகளை 2006இல் ஒருவர் திரட்டிப் பார்த்தார். பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது.

என்ன நடந்தது, அப்போது எனக்கு என்ன ஆயிற்று, இரண்டையும் ஒரே இழையில் கோக்க வேண்டும் என்ற அந்த முடிவு எனக்கு மிகவும் பொருளுள்ளதாகப் படுகிறது. சீனிவாசன் அந்தச் சில வரிகளில் செய்ததும் அதுவே. ஆனால் எழுதிய அன்று மனம் மோசமாகும் என்ற பகுதியை இன்று பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது நினைவெழுத்துப் பட்டறைகள் நடக்கின்றன. கைபேசியை நீட்டி, உங்கள் வலியைச் சொல்லுங்கள் என்று கேட்கும் தொண்டர்கள் வருகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். மாலையில் பதிவை எடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். சொன்னவர் அந்த இரவை எப்படிக் கழிப்பார் என்று யோசிக்க ஆள் இல்லை. பேரிடருக்கு ஆளானவர்களை உடனே உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது உதவாது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு பல ஆண்டு ஆகிறது. ஒருவர் சொல்லாமல் இருக்கவும் உரிமை உள்ளவர். இப்போது வேண்டாம், பத்து வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் உரிமை உள்ளவர்.

வேறோர் ஆபத்தும் உண்டு. வலியை மட்டும் கேட்டு வரும் வாசகர். தலித் எழுதினால் அடிபட்ட கதை வேண்டும், திருநங்கை எழுதினால் துரத்தப்பட்ட கதை வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். எழுதுபவர் தன் காயத்தை ஆறவிடாமல் திறந்தே வைத்திருக்கும்படி ஆகிவிடுகிறது. மறுபுறம், அந்தக் கதையே வகுப்பறையில் வேண்டாம் என்பவர்கள். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. ‘கருக்கு’ வந்து முப்பது ஆண்டு ஆனாலும், கேட்க மறுக்கும் இடங்கள் மீதி இருக்கின்றன.

ஈழத்துக்கு வரும்போது அன்று, இன்று என்ற பிரிப்பே தடுமாறுகிறது. போர் நடந்த ஆண்டுகளில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பதே ஆபத்து. சோதனைச் சாவடியில் ஒரு நிழற்படம் போதும், ஆளைப் பிடித்துப் போக. வீட்டுக்காரர்களே ஆல்பங்களை எரித்தார்கள், கடிதங்களைக் கிணற்றடியில் புதைத்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலானதை எல்லோரும் பேசுகிறோம். வீட்டடுப்பில் எரிந்த நாட்குறிப்புகளுக்குக் கணக்கில்லை. ராணுவத்துக்கு மட்டுமல்ல, இயக்கங்களுக்கும் பயந்து சனம் வாய் மூடிக்கிடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ ஆங்கிலத்தில் 1990இல் வெளியானபோது, அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம உயிரோடு இல்லை. 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அந்த நால்வரில் இன்னொருவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் தனி ஆட்களை மட்டும் நோயாளி ஆக்கவில்லை, சமூகத்தையே நோயில் தள்ளியது என்று அவர் நீண்டகாலமாக எழுதி வருகிறார். அயலவனை நம்பாமை, பேசாமை, எதிலும் தலையிடாமை ஆகியவை உயிர் தப்பப் பழகிய பழக்கங்கள். போர் முடிந்த பின்னும் அவை போகவில்லை. ஆளுக்கு ஆள் மாத்திரை கொடுத்தால் போதாது, சமூகமாகச் சடங்கு செய்து, அழுது, நினைவுகூர வழி வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வன்னியில் ஒப்பாரி வைக்கவும் ஆண்டுத் திவசம் கொடுக்கவும் தடை இருந்த ஆண்டுகளை நினைத்தால் இதன் கனம் புரியும்.

போருக்குப் பின் எழுத்து வரத் தொடங்கியது. முந்திய தலைமுறையிலிருந்து சி.புஷ்பராஜா 2003இலேயே பாரிஸிலிருந்து ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ எழுதியிருந்தார். மன்னாரைச் சேர்ந்த வெற்றிச்செல்வி, இயக்க வாழ்வில் ஒரு கையையும் ஒரு கண் பார்வையையும் இழந்தவர், தடுப்பு முகாமில் பெண் போராளிகள் கழித்த நாட்களை ‘ஆறிப்போன காயங்களின் வலி’ என்று எழுதினார். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ வந்தது.

தமிழினியின் நூலைச் சுற்றி எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. இயக்கத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்றார்கள் சிலர். அவர் எழுதாததைச் சேர்த்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். கடைசி நாட்களில் ஒரு மனிதர் தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட நேர்மை என்றார்கள் வேறு சிலர். அவரிடமே கேட்க வழியில்லை. சாமிநாதன் விமலின் சிங்கள மொழிபெயர்ப்பு தெற்கில் ஏராளமான வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. சிங்கள வாசகர் அதில் எதைக் கேட்டார், தன் அரசு செய்ததையா, புலிகள் செய்ததை மட்டுமா என்பது எனக்கு உறுத்தும் கேள்வி. புதுப்பட்டியில் எழுதியவரும் கோபித்தவர்களும் ஒரே தெரு. இங்கே எழுதியவர் ஒரு மொழி, வாசகரில் பாதி வேறு மொழி, மீதிப் பாதி டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்கிறது. உட்கார்ந்து வாதாட ஒரு முற்றம் கிடையாது. ஆனாலும் இந்தச் சண்டை நடப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுக்கு முன்பு இப்படி எழுதியிருந்தாலும், எதிர்த்திருந்தாலும், உயிருக்கு உத்தரவாதம் இருந்திருக்காது.

எழுத்துக்கு இன்னும் வராத கதை ஒன்று கிளிநொச்சியில் இருக்கிறது. 2017 பிப்ரவரி 20ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்தார்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மற்ற ஊர்களிலும் போராட்டம் தொடர்ந்தது. அவர்களில் பலர் இதற்குள் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள். இருப்பவர்கள் அதே கதையை ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள், ஐ.நா. அதிகாரிகளுக்குச் சொன்னார்கள், பத்திரிகைக்காரர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சொன்னார்கள். எந்த உடுப்பு, எந்த நேரம், எந்தப் பேருந்தில் ஏற்றினார்கள் என்று அடி பிசகாமல் சொன்னார்கள். அத்தனை முறை சொல்லியும் அவர்களுக்கு ஆறவில்லை. அதை நினைவாக எழுதி முடிக்கவும் அவர்களுக்கு மனம் ஒப்பாது. பிள்ளையை ‘இருந்தான்’ என்று எழுத வேண்டிவரும். மரணச் சான்றிதழை வேண்டாம் என்று தள்ளியவர்களில் பலர், 2016இல் சட்டம் கொண்டுவந்த காணாமற்போனமைச் சான்றிதழையும் ஏற்கவில்லை. அவர்கள் கேட்பது 2009 மே மாதம் வட்டுவாகல் வழியாக வந்து படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். அதை அரசு இன்னும் வெளியிடவில்லை.